தொட்டது எது? தெளிவற்ற தொடுவுணர்வுக்கு மூளை பொருள் காணும் விதம்

சுட்டுவிரலின் மேல் நடுவிரலைப் பின்னிக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு நுனிகளுக்கும் நடுவே உள்ள கவட்டில் ஒரு பட்டாணியை வைத்து மெல்ல உருட்டினால், பலருக்கு அங்கே இரண்டு பட்டாணிகள் இருப்பது போலத் தோன்றும். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். தொடுகை இரண்டு என்கிறது, கண் ஒன்று என்கிறது என்று அவர் எழுதினார். ஏன் அப்படி என்பதற்கு இன்று தரப்படும் விளக்கம் எளிமையானது. விரல்கள் பின்னப்படாமல் இயல்பாக இருக்கும்போது, சுட்டுவிரலின் கட்டைவிரல் பக்கமும் நடுவிரலின் மோதிரவிரல் பக்கமும் ஒரே சிறு பொருளை ஒரே நேரத்தில் தொட வழியில்லை. அந்த இரு பக்கங்களிலும் ஒருசேர ஏதேனும் பட்டால், பட்டவை இரண்டு பொருள்களாகத்தான் இருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் அப்படியே கண்டு பழகிய மூளை, விரல்கள் பின்னியிருக்கும் இந்த அரிய வேளையிலும் பழைய கணக்கையே போடுகிறது.

தொடுவுணர்வைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொடங்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இந்தச் சிறு சோதனையிலேயே இருக்கிறது. தோலிலிருந்து மூளைக்குச் செல்லும் குறிப்புகள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களுக்கு இடம் தருபவை. அவற்றுள் எது நடந்திருக்கக் கூடும் என்று மூளை தேர்ந்தெடுத்த பின்புதான் அது நமக்கு உணர்வாக வந்து சேர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் செருமானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை நாம் அறியாமலே நிகழும் ஊகம் என்றார். அவர் பெரிதும் பேசியது பார்வையைப் பற்றி. ஆனால் அவருடைய கருத்து தொடுகைக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பதே என் எண்ணம். ஏனெனில் கண்ணோடு ஒப்பிட்டால் தோல் தரும் தகவல் மிகச் சொற்பம்.

தோல் என்ன சொல்லி அனுப்புகிறது?

உள்ளங்கைத் தோலில் அழுத்தத்தையும் அசைவையும் பதிவுசெய்ய நான்கு வகை ஏற்பிகள் இருக்கின்றன. மெர்க்கெல் ஏற்பிகள் தொடர்ந்து நிற்கும் அழுத்தத்தையும் விளிம்புகளையும் கவனிக்கின்றன. மெய்ஸ்னர் ஏற்பிகள் பிடியிலிருந்து பொருள் நழுவுவது போன்ற மெல்லிய அசைவுகளுக்குத் துடிக்கின்றன. ஆழத்தில் இருக்கும் பாசினி ஏற்பிகள் வினாடிக்கு 200, 300 முறை அதிரும் விரைவான அதிர்வுகளைப் பிடிக்கின்றன. ரஃபினி ஏற்பிகள் தோல் இழுபடுவதை அறிகின்றன. ஒரு கையின் உட்புறத்திலிருந்து இவ்வகைச் செய்திகளைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 என்று 1979இல் சுவீடனின் ஆய்வாளர்கள் யோகான்சனும் வால்போவும் மதிப்பிட்டார்கள். அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் பியெசோ புரதங்களை ஆர்டெம் படபூட்டியான் குழுவினர் 2010இல் கண்டறிந்தார்கள். அதற்காக அவருக்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த இழைகள் எல்லாம் அனுப்புவது ஒரே வகைக் குறிப்பைத்தான்: சிறு மின்துடிப்பு. துடிப்பு எந்த இழையில் வந்தது, எவ்வளவு அடிக்கடி வந்தது என்பது மட்டுமே மூளைக்குத் தெரியும். துடிப்பை எழுப்பியது எது என்பது அதில் எழுதப்பட்டிருப்பதில்லை. பச்சை மிளகாயை நறுக்கிய கை மணிக்கணக்கில் எரிவது இதனால்தான். ஏறக்குறைய 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடு படும்போது திறக்கும் ஒரு புரதம் நம் வலி நரம்பு முனைகளில் இருக்கிறது. மிளகாயின் காரப்பொருளும் அதே புரதத்தைத் திறந்துவிடுகிறது. 1997இல் இதை வெளிக்கொணர்ந்த டேவிட் ஜூலியஸ்தான் 2021 நோபல் பரிசின் மற்றொரு பங்காளர். நரம்பின் மறுமுனையில் இருக்கும் மூளைக்குச் சூடும் காரமும் ஒரே செய்தியாக வந்து சேர்வதால், அது இரண்டையும் எரிச்சல் என்றே எடுத்துக்கொள்கிறது. நெற்றியில் தடவிய தைலம் குளிர்வதும் இதே கதைதான். அங்கே புதினா வகைச் செடிகளிலிருந்து கிடைக்கும் மென்தால், குளிருக்கான புரதத்தைத் திறக்கிறது.

ஈரத்தின் நிலை இன்னும் வியப்பானது. பூச்சிகளுக்கு ஈரப்பதத்தை உணரும் ஏற்பிகள் உண்டு. மனிதத் தோலில் அப்படி ஓர் ஏற்பி இதுவரை கண்டறியப்படவில்லை. ஆனாலும் நமக்கு ஈரம் தெரிகிறது. குளிர்ச்சி, மென்மையான அழுத்தம், தோலில் வழுக்கும் அல்லது ஒட்டும் தன்மை ஆகியவை ஒருங்கே வந்தால் மூளை அதை ஈரம் என்று முடிவு செய்கிறது. மெல்லிய ரப்பர் கையுறை அணிந்த கையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால், ஒரு சொட்டு நீரும் தோலில் படாத நிலையிலும் கை நனைந்தது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அடைமழைக் காலத்தில் கொடியிலிருந்து எடுத்த துணி இன்னும் ஈரமாக இருக்கிறதா, அல்லது குளிர்ந்து மட்டும் கிடக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தும் முடிவுக்கு வர முடியாமல் போவதும் இங்கிருந்தே வருகிறது. மறுதலையாக, தோலைவிடச் சற்று வெதுவெதுப்பான ஈரத்தைக் கண்டுபிடிக்க ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் தடுமாறியிருக்கிறார்கள். குளிர்ச்சி என்ற முக்கியக் குறிப்பு அங்கே இல்லை.

எங்கே பட்டது என்ற எளிய கேள்விக்குக்கூடத் தோலிடம் துல்லியமான விடை எல்லா இடத்திலும் இல்லை. கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் ஒன்றாக வைத்து, அவை ஒன்றா இரண்டா என்று கேட்கும் சோதனையை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செருமானியின் எர்ன்ஸ்ட் வேபர் உடல் முழுவதும் செய்து பார்த்தார். விரல் நுனியில் முனைகள் 2 மில்லிமீட்டர் விலகியிருந்தாலே இரண்டு என்று தெரிந்துவிடும். முன்கையிலும் முதுகிலும் 30, 40 மில்லிமீட்டர் விலகினால்தான் தெரியும். முதுகில் அரிப்பெடுத்த இடத்தைப் பிறருக்குச் சொல்லி, ‘இன்னும் கொஞ்சம் மேலே, இல்லை இல்லை, இடப்பக்கம்’ என்று வழிகாட்ட வேண்டியிருப்பது நம் விவரிப்புத் திறனின் குறை அன்று.

முன்கையில் குதிக்கும் முயல்

இந்தத் துல்லியக் குறைவை மூளை எப்படிச் சமாளிக்கிறது என்பதைக் காட்ட, 1972இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் கெல்டார்டும் கார்ல் ஷெரிக்கும் வெளியிட்ட சோதனையைவிடச் சிறந்த சான்று இல்லை. அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

முன்கையில் மணிக்கட்டுக்கு அருகே ஒன்று, அதிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே ஒன்று, மேலும் 10 சென்டிமீட்டர் தள்ளி முழங்கைப் பக்கம் ஒன்று என மூன்று இடங்களில் தட்டும் கருவிகளைப் பொருத்தினார்கள். முதல் இடத்தில் ஐந்து தட்டுகள், இடைவெளி மாறாமல் இரண்டாம் இடத்தில் ஐந்து, பின் மூன்றாம் இடத்தில் ஐந்து. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 40 முதல் 80 மில்லிவினாடி வரைதான் இருந்தது. பங்கேற்றவர்கள் மூன்று இடங்களில் ஐந்தைந்து தட்டுகளை உணர்ந்திருக்க வேண்டும். அவர்கள் உணர்ந்ததோ, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறக்குறைய ஒரே சீராகத் தாவிச் செல்லும் தட்டுகளின் வரிசை. ஒரு சின்னஞ்சிறு முயல் கையின் மேல் குதித்துக் குதித்துப் போவது போல இருந்தது என்று ஆய்வாளர்களே எழுதியதால், தோல்முயல் என்ற பெயர் இந்த நிகழ்வுக்கு நிலைத்துவிட்டது. தட்டுகளுக்கு இடையிலான நேரத்தைக் கால் வினாடி அளவுக்கு நீட்டினால் முயல் மறைந்துவிடுகிறது. தட்டுகள் அவை உண்மையில் விழுந்த இடங்களுக்கே திரும்பிவிடுகின்றன.

எந்தக் கருவியும் இல்லாத இடங்களில் தட்டு எப்படி உணரப்படுகிறது? கனடாவின் டேனியல் கோல்ட்ரைக் 2007இல் முன்வைத்த விளக்கம் 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் நிகழ்தகவுத் தேற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. தொலைபேசியில் பேசுபவரின் குரல் தெளிவாகக் கேட்கும்போது, அவர் என்ன சொன்னாலும் சொன்னபடியே ஏற்றுக்கொள்கிறோம். இணைப்பு இரைந்து விட்டு விட்டுக் கேட்கும்போது, அவர் வழக்கமாக எதைச் சொல்வார் என்பதைக் கொண்டு விடுபட்டதை நிரப்பிக்கொள்கிறோம். பேய்ஸின் தேற்றம் இந்த நடைமுறைக்கு அளவுகோல் தருகிறது. வந்த தகவல் எவ்வளவு நம்பத்தக்கதோ அவ்வளவு எடையை அதற்குக் கொடு, மீதி எடையை முன் அனுபவத்திலிருந்து வரும் எதிர்பார்ப்புக்குக் கொடு என்பதே அதன் சாரம்.

இதை முன்கைக்குப் பொருத்திப் பார்க்கலாம். தோலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தட்டுகள் விழுந்தால், அவற்றை ஒரே பொருள் நகர்ந்து சென்றதன் தடமாகக் கொள்வது பொதுவாகச் சரியாக இருக்கும். எறும்பு, பூச்சி, புரளும் முடி, ஆடையின் மடிப்பு என்று நம் தோலில் நகர்பவை பெரும்பாலும் மெதுவாகவே நகர்கின்றன. ஆனால் 50 மில்லிவினாடிக்குள் 10 சென்டிமீட்டர் என்பது வினாடிக்கு 2 மீட்டர் வேகம். எறும்பால் கனவிலும் முடியாதது. இப்போது மூளையின் முன் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. தட்டுகளுக்கு இடையிலான நேரம் துல்லியமாகத் தெரியும். அவை விழுந்த இடங்களோ, முன்கையாக இருப்பதால், சில சென்டிமீட்டர் பிழைக்கு உட்பட்டவை. நம்பத்தகாத இடத்தகவலைச் சற்று வளைத்து, இரு தட்டுகளையும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்த்தி வைத்துவிட்டால், வேகம் நம்பத்தக்க அளவுக்குக் குறைந்துவிடும். மூளை அதையே செய்கிறது என்பது கோல்ட்ரைக்கின் கணக்கு. தூரங்கள் இப்படிச் சுருங்குவது முயல் சோதனைக்கு மட்டும் உரியது அன்று. தோலில் மூன்று புள்ளிகளைச் சம தூரத்தில் தொட்டு, முதல் இரண்டுக்கும் இடையிலான நேரத்தை மட்டும் குறைத்தால், அந்தத் தூரம் மற்றதைவிடச் சிறியதாகத் தோன்றும் என்று 1930களிலேயே அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹெல்சன் காட்டியிருந்தார்.

இதில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு விந்தை உண்டு. மணிக்கட்டில் விழுந்த மூன்றாவது தட்டு முழங்கையை நோக்கி நகர்ந்த இடத்தில் உணரப்படுகிறது. அது விழுந்த நொடியில் அடுத்த இடத்தில் தட்டப் போகிறார்கள் என்பது மூளைக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பின்னால் வரும் தட்டு முன்னால் வந்த தட்டின் இடத்தை மாற்றுகிறது என்றால், மூளை தன் முடிவை உடனுக்குடன் நமக்கு அறிவிப்பதில்லை, சிறிது நேரம் காத்திருந்து அடுத்தடுத்த குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்த பிறகே அறிவிக்கிறது என்றுதான் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த முடிவு வெறும் வாய்ப்பேச்சாக, பங்கேற்றவர் பின்னர் சொல்லிக்கொள்ளும் கதையாக இருக்கக் கூடுமே என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்தது. 2006இல் வெளியான மூளைப்படப் பிடிப்பு ஆய்வில், முன்கையின் நடுப்பகுதியில் தட்டே இல்லாமல் தட்டு உணரப்பட்டபோது, பெருமூளைப் புறணியின் முதன்மைத் தொடுவுணர்ப் பகுதியில் அந்த நடுப்பகுதிக்குரிய இடமே செயல்பட்டது. 1930களில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை அறுவையின்போது மின்முனையால் தொட்டு வரைந்த உடல் வரைபடம் இருப்பது அந்தப் பகுதியில்தான்.

முயல் உடம்புக்குள் மட்டும் குதிப்பதில்லை என்பதும் 2010இல் தெரியவந்தது. இரு சுட்டுவிரல் நுனிகளின் மேல் ஒரு குச்சியைக் கிடத்தி, குச்சியின் வழியாக விரல்களில் மாறி மாறித் தட்டியபோது, விரல்களுக்கு இடையே காற்றில் கிடக்கும் குச்சியின் நடுப்பகுதியில் தட்டு விழுந்ததாகப் பங்கேற்றவர்கள் உணர்ந்தார்கள் என்று சப்பானிய ஆய்வாளர் மியாசகியும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள்.

இரு பொருள்களுக்கு இடையே அலையும் தொடுகை

முயல் சோதனையில் மூளை ஒரு விடையைத் தேர்ந்து அதிலேயே நிற்கிறது. இரண்டு விடைகளும் சம தகுதி உடையவையாக இருந்தால் என்ன நடக்கும்? 2008இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒலிவியா கார்டரும் அவருடைய குழுவினரும் இதை விரல் நுனியில் சோதித்தார்கள். ஒரு சிறு சதுரத்தின் நான்கு மூலைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலில் எதிரெதிரான இரு மூலைகளில் மட்டும் விரலைத் தொட்டு, அடுத்த கணம் மற்ற இரு மூலைகளில் தொட்டு, மீண்டும் முதல் இணை, மீண்டும் இரண்டாம் இணை என்று மாறி மாறித் தொட்டார்கள். இரண்டு புள்ளிகள் மேலும் கீழும் போய் வருவதாகவும் இதை உணரலாம். இடமும் வலமும் போய் வருவதாகவும் உணரலாம். தூண்டல் சிறிதும் மாறாதபோதே, பங்கேற்றவர்களின் உணர்வு சிறிது நேரம் ஒரு விதமாகவும் சிறிது நேரம் மறு விதமாகவும் தானாக மாறிக்கொண்டே இருந்தது. இரண்டும் கலந்த ஒரு குழப்பமான அசைவை மூளை தரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த நேரத்திலும் ஏதாவது ஒன்றை முழுமையாகத் தந்தது.

எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தும் தொடுகைக்கு இரு பொருள் உண்டு. யாராவது ஒருவர் விரலால் உங்கள் நெற்றியில் ஓர் எழுத்தை எழுதுகிறார் என்று கொள்வோம். எதிரே நிற்பவர் அதை நேராகப் படிப்பார். தலைக்குள்ளிருந்து முன்னோக்கிப் பார்க்கும் ஒருவர் இருந்தால் அவருக்கு அது கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறித் தெரியும். தோலில் விழுந்த கோடு இரண்டுக்கும் பொதுவானது. இதை ஆராய்பவர்கள், ஒரு நேர்கோட்டின் அருகே மேலோ கீழோ சிறு வட்டம் ஒட்டிய, திருப்பினால் ஒன்று மற்றொன்றாகிவிடும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள். பங்கேற்றவர் எந்த எழுத்தைச் சொல்கிறார் என்பதிலிருந்தே அவர் எந்த நிலையிலிருந்து அதைப் படித்தார் என்பது தெரிந்துவிடும். நெற்றியில் எழுதினால் பலர் உள்ளிருந்து பார்ப்பவராகவும், பிடரியில் எழுதினால் பின்னால் நிற்பவர் பார்ப்பது போலவும் படிக்கிறார்கள். இரண்டிலும் பார்வை தலைக்குப் பின்னிருந்து முன்னோக்கியே செல்கிறது. வயிற்றில் எழுதினால் ஆளுக்கு ஆள் வேறுபாடு கூடுகிறது; எதிரே நிற்பவரின் நிலையிலிருந்து இயல்பாகவே படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு சோதனை, செய்து பார்ப்பதற்குச் சற்றுக் கருவி வேண்டுமானாலும், விளங்கிக்கொள்ள எளிது. இரு கைகளிலும் அடுத்தடுத்துத் தட்டி, எந்தக் கையில் முதலில் பட்டது என்று கேட்டால், கைகள் இயல்பாக இருக்கும்போது மிகக் குறுகிய இடைவெளியையும் சரியாகச் சொல்லிவிடலாம். கைகளைக் குறுக்காகப் போட்டுக்கொண்டால் நிலைமை தலைகீழாகிறது. இடைவெளி 300 மில்லிவினாடிக்குக் குறைவாக இருக்கும்போது பங்கேற்றவர்கள் பலர் வரிசையை மாற்றிச் சொன்னார்கள் என்று சப்பானின் யாமமோட்டோவும் கிதாசாவாவும் 2001இல் எழுதினார்கள். ‘வலக்கையில் பட்டது’ என்பதும் ‘வலப்பக்கத்தில் பட்டது’ என்பதும் வழக்கமாக ஒன்றே. குறுக்கே போட்ட கைகளில் அவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன, அதைத் தீர்க்க மூளைக்கு நேரம் பிடிக்கிறது. 2004இல் செருமானியின் பிரிகிட்டே ரோடர் குழுவினர் கண்டது இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்கு இந்தக் குழப்பம் ஏற்படவில்லை. பார்த்துப் பழகிய பின் பார்வை இழந்தவர்களுக்கோ ஏற்பட்டது. தொடுகையை வெளியுலகின் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற கட்டத்துக்குள் தானாக வைத்துப் பார்க்கும் பழக்கம், சிறுவயதில் கண் கற்றுக்கொடுத்தது என்று இதிலிருந்து தெரிகிறது.

கண்ணும் காதும் தரும் துணை

தோலின் குறிப்பு போதாதபோது மற்றப் புலன்களின் குறிப்புகளையும் மூளை சேர்த்துக்கொள்கிறது. 1998இல் மேத்யூ பாட்வினிக்கும் ஜொனதன் கோஹனும் வெளியிட்ட ரப்பர் கைச் சோதனை இவற்றுள் பெயர்பெற்றது. பங்கேற்பவரின் உண்மையான கையை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்துவிட்டு, அவர் கண்முன்னே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே விதமாகத் தூரிகையால் வருடினார்கள். சிறிது நேரத்தில் தூரிகையின் வருடலை ரப்பர் கை இருக்கும் இடத்திலேயே உணர்வதாகவும், அது தம்முடைய கைதான் போலிருப்பதாகவும் பலர் சொன்னார்கள். இரு வருடல்களின் நேரம் ஒத்துப்போகாவிட்டால் இந்த உணர்வு பெரிதும் குறைந்துவிடும். கண்ணில் படும் வருடலும் தோலில் படும் வருடலும் கணம் தவறாமல் ஒன்றாக நிகழ்வது தற்செயலாக இருக்க முடியாது, எனவே அவை ஒரே நிகழ்வு என்று மூளை முடிவு செய்கிறது. அந்த முடிவைக் காப்பாற்ற, கை இருக்கும் இடத்தைப் பற்றிய தன் மதிப்பீட்டையே அது திருத்திக்கொள்கிறது.

காதும் இதில் தலையிடுகிறது. அதே 1998இல் பின்லாந்தின் யோஸ்மாகியும் ஹாரியும், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்பவர்களுக்கு அந்தத் தேய்ப்பொலியைச் செவிபேசியில் கேட்கச் செய்து, அதில் உயர்சுருதிப் பகுதியை மட்டும் கூட்டினார்கள். கைத்தோல் காகிதம் போல உலர்ந்துவிட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். எந்தப் புலனுக்கு எவ்வளவு எடை என்பது நிலையான ஒன்று அன்று. 2002இல் மார்க் எர்ன்ஸ்டும் மார்ட்டின் பேங்க்ஸும் கண்ணாலும் கையாலும் ஒரு பொருளின் உயரத்தை மதிப்பிடச் செய்து, கண்ணுக்குக் கிடைக்கும் படிமத்தை வேண்டுமென்றே படிப்படியாகக் கலங்கலாக்கினார்கள். படிமம் கலங்கக் கலங்க, கை சொல்வதற்கான எடை கூடியது. அதுவும் பேய்ஸ் கணக்கு முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு நெருக்கமாகவே கூடியது.

தொட்டது யார் என்ற கேள்வியும் மூளைக்கு உண்டு. நம்மை நாமே கூசவைத்துக்கொள்ள முடியாததன் காரணம் அதில் இருக்கிறது. கையை அசைக்க ஆணையிடும்போதே, அதனால் தோலில் என்ன உணர்வு எழும் என்பதையும் மூளை கணித்து, வந்து சேரும் உணர்வைத் தணித்துவிடுகிறது. 1990களின் இறுதியில் இலண்டனில் சாரா ஜேன் பிளேக்மோரும் அவருடன் பணியாற்றியவர்களும், பங்கேற்பவர் தம் ஒரு கையால் இயக்க, அந்த அசைவை ஓர் எந்திரம் மறு கையின் உள்ளங்கையில் வருடலாக்கித் தரும்படி அமைத்தார்கள். அசைவுக்கும் வருடலுக்கும் இடையே 100, 200 மில்லிவினாடி தாமதத்தை நுழைத்தபோது, சொந்த வருடலே கூசத் தொடங்கியது. கணிப்பும் வரவும் பொருந்தாத அளவுக்கு, வந்த தொடுகை பிறர் செய்ததாகக் கொள்ளப்படுகிறது. சட்டைப் பையில் அலைபேசி அதிர்ந்ததாக எண்ணி எடுத்துப் பார்த்து ஏமாறுவது இதன் எதிர்ப்பக்கம். அழைப்பை எதிர்பார்த்திருக்கும் மூளை, துணி உரசியதன் சிறு குறிப்பை அதிர்வாக எடுத்துக்கொள்கிறது.

கை இல்லாத இடத்தில் கை

எதிர்பார்ப்பின் வலிமை எவ்வளவு என்பதற்குக் கையோ காலோ இழந்தவர்களின் அனுபவம் சான்று. அவர்களில் மிகப் பலர் இழந்த உறுப்பு இன்னும் இருப்பதாக, சிலர் அதில் கடும் வலி இருப்பதாக உணர்கிறார்கள். இதை ஆராய்ந்தவர்களில் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கலிபோர்னியாவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன் குறிப்பிடத்தக்கவர். கையிழந்த சிலரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, அவர்கள் அதைக் கன்னத்திலும் இல்லாத கையின் விரல்களிலும் ஒருசேர உணர்ந்ததை 1990களின் தொடக்கத்தில் அவர் பதிவு செய்தார். மூளையின் உடல் வரைபடத்தில் கைக்குரிய பகுதியும் முகத்துக்குரிய பகுதியும் அடுத்தடுத்து இருப்பதால், குறிப்பு வராமல் ஓய்ந்துபோன கைப்பகுதிக்குள் முகத்தின் குறிப்புகள் நுழைந்துவிடுகின்றன என்பது அவர் தந்த விளக்கம். 2013இல் தாமர் மாக்கின் குழுவினர் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு, பல ஆண்டுகளுக்கு முன் கையிழந்தவர்களிடமும் கைக்குரிய பகுதி தன் பழைய அமைப்பைப் பெரிதும் காத்து வைத்திருப்பதைக் காட்டியது. அதனால் அந்த விளக்கம் இன்று விவாதத்தில் இருக்கிறது. இரண்டு கருத்துகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கையின் வரைபடம் மூளையில் இருக்கும் வரை, அங்கே எழும் எந்தத் துடிப்புக்கும் கை என்றே பொருள் கொள்ளப்படும்.

ஊகம் தலைகீழாகும் இடம்

இதுவரை சொன்னவற்றிலிருந்து, எதிர்பார்ப்பு எப்போதும் உணர்வைத் தன் பக்கமே இழுக்கும் என்று தோன்றலாம். அப்படியில்லாத ஒரு நிகழ்வு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பேய்ஸ் கணக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டது போன்ற பொய்யான நிறைவு ஏற்பட்டுவிடும். ஒரே எடையுள்ள, ஆனால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமான இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியோ மணலோ இட்டு, தராசில் வைத்து எடையைச் சமன் செய்யலாம். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தால் சிறிய டப்பாவே கனமாகத் தெரியும். பிரெஞ்சு மருத்துவர் ஒகுஸ்தேன் ஷார்பாந்தியே 1891இல் இதை முறையாக அளந்து எழுதினார். பெரியது கனமாக இருக்கும் என்பதே நம் அனுபவம் தரும் எதிர்பார்ப்பு. உணர்வு அந்த எதிர்பார்ப்பின் பக்கம் சாய்வதானால் பெரிய டப்பா அல்லவா கனமாகத் தோன்ற வேண்டும்?

எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்த வியப்பே பெரிய டப்பாவை லேசாகக் காட்டுகிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ராண்டி ஃபிளானகனும் மைக்கேல் பெல்ட்ஸ்னரும், பங்கேற்றவர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பத் தூக்கும்போது விரல்கள் செலுத்தும் விசையை அளந்தார்கள். முதலில் பெரியதற்கு அதிக விசையும் சிறியதற்குக் குறைந்த விசையும் செலுத்திய விரல்கள், சில முறை தூக்கியதுமே இரண்டும் ஒரே எடை என்பதைக் கற்றுக்கொண்டு, இரண்டுக்கும் ஒரே விசையைச் செலுத்தத் தொடங்கின. அதாவது வியப்புக்கு அங்கே இடமே இல்லாமல் போனது. அப்போதும் எது கனம் என்று கேட்டால், அவர்கள் சிறியதையே சுட்டிக்காட்டினார்கள். எடையோடு பருமனையும் சேர்த்துப் பார்த்து அடர்த்தியைப் போன்ற ஒன்றை மூளை மதிப்பிடுகிறது, அதையே நாம் கனம் என்று உணர்கிறோம் என்பது இன்று முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. கையை இயக்கும் மூளைப் பகுதிகள் வைத்திருக்கும் மதிப்பீடும், நமக்கு உணர்வாக வந்து சேரும் மதிப்பீடும் தனித்தனியானவை என்பது மற்றொன்று.